செருப்பு வரைக்கும்தான் தெரிந்தது

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் ஒரு சைக்கிள் வாங்கப் பயப்படுகிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? காலையில் நீச்சல் குளத்துக்கு வரும் கூட்டம் நன்றாகவே சிரித்தது. அவர்கள் போகும் டிரையத்லான் போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்று உண்டு. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் விரட்டியதால் தண்ணீரில் இறங்கிய டிரைவர், இரண்டே வருஷத்தில் முதலாவதிலும் மூன்றாவதிலும் பேர் வாங்கிவிட்டார். நடுவில் இருப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். அதனால் அவருக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தார்கள். மூன்றில் இரண்டு எப்படி முக்கால் ஆகும் என்று கேட்க அங்கே ஒரு கணக்குப் புலியும் இல்லை.

பஸ்ஸையும் அவர் இப்போது ஓட்டுவதில்லை. டிப்போவின் பின்பக்கம் டயர் கிடங்கில் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு எந்த டயர் போகிறது என்று எழுதுகிறார். ஜன்னல் இல்லாத அறை. ரப்பர் வாசனை எத்தனை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. அந்த மூலையை யாரும் அவர் தலையில் கட்டவில்லை, அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், காலை ஆறே முக்காலுக்கு, ஒரு நாற்சந்தியில் பஸ்ஸைத் திருப்பினார். எதிரே ஒருவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். ஹாண்டில்பாரின் மேல் முழங்கைகளை ஊன்றிப் படுத்த மாதிரி வந்தான். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகம் நேராக பஸ்ஸை நோக்கி. எதிரில் வருகிறவன் நிற்பானா நுழைவானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதில் டிரைவருக்கு எப்போதும் ஒரு பெருமை. அன்றைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: பார்த்துவிட்டான், நிறுத்திவிடுவான். திருப்பினார். அவன் நிறுத்தவில்லை.

"என்னைப் பாத்தாருங்க. பாத்துக்கிட்டேதான் வந்தாரு" என்று விசாரணையில் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். அந்த ஒரு வார்த்தை அவரைக் கரையேற்றியது. தவறு செத்துப்போன சைக்கிள்காரன் மேல்தான் என்று எழுதி ஃபைலைக் கட்டிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த அவன் மனைவி மட்டும் எழுந்தாள். "பாத்தாருன்னா ஏன் நிறுத்தல?" என்றாள். அதிகாரிகளை அல்ல, இவரைப் பார்த்துத்தான் கேட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கேள்வி அன்றைக்கே அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. விசாரணைக் காகிதத்தில் அவள் விலாசம் இருந்தது. மூன்று தரம் அந்தத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். உள்ளே போய் என்னத்தைச் சொல்வது?

சைக்கிள் ஏறினால்தான் இந்தப் பயம் தெளியும் என்று முடிவு கட்டியவள் அவர் மனைவி. "தண்ணியில முங்கறீங்க, ரோட்டுல ஓடறீங்க. சைக்கிளைக் கண்டா மட்டும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டிப் போனாள்.

கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தார். வாய் ஓயாது. இரண்டு சைக்கிளை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"இது சாதா ரேஸ் சைக்கிள். பிரேக் கைக்குள்ளயே இருக்கும். இது டிரையத்லானுக்குன்னே செஞ்சது. முழங்கையை ஊனிக்கிட்டுக் குனிஞ்சுட்டீங்கன்னா காத்து உங்களைத் தொடாது. பிரேக் மட்டும் கொஞ்சம் தள்ளி, இங்க இருக்கும்."

"கை இங்கேருந்து அங்க போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"அட, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சார்!"

கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பஸ் எவ்வளவு தூரம் போகும் என்று டிரைவருக்குத் தெரியும். "எனக்கு அந்த சாதாவே போதும்" என்றார்.

"ஏறிப் பாக்கறதுக்கு என்ன? அது என்ன கடிக்கவா போகுது?" என்றாள் மனைவி.

கடைக்காரருக்கு அது போதும். புது சைக்கிளின் பின் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டினார். தொடை உயரம், கை நீளம் எல்லாம் அளந்து சீட்டை ஏற்றி இறக்கினார். போட்டியில் போடுவதையெல்லாம் போட்டால்தான் அளவு சரியாக வரும் என்று ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் அவரே மாட்டிவிட்டார். டிரைவர் ஏறி, முழங்கைகளை ஊன்றி, மிதித்தார்.

"கழுத்தைத் தூக்காதீங்க, பத்தே நிமிஷத்துல பிடிச்சுக்கும். தலையைத் தளர்த்தி விடுங்க. ஆங், அப்படித்தான். வேணுங்கறப்ப கண்ணை மட்டும் தூக்கிப் பாத்துக்குங்க."

மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கியது. கண்ணைத் தூக்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. கீழே தரையின் சதுரக் கற்கள் மூன்று வரிசை. அதற்கப்பால் கடைக்காரரின் செருப்பு. அதற்கு மேலே ஹெல்மெட்டின் விளிம்பு மறைத்தது. இடது கால் செருப்பின் வாரில் யாரோ வேறு நிற நூலால் தைத்திருந்தார்கள்.

"என்ன சார், என்னையே மொறைச்சுப் பாக்கறீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர்.

டிரைவரின் கால்கள் நின்றன.

"நான் உங்களைப் பாக்கல."

"என்ன சார்?"

"செருப்பைத்தான் பாத்தேன். இடது வார் தைச்சிருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

கடைக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "அடடே! இங்கேருந்து பாத்தா என் மூஞ்சியவே பாக்கற மாதிரி இருந்துச்சே" என்றார். சுவரோரம் நின்ற மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க."

"அவன் என்னைப் பாக்கவே இல்லடி."

"சரி, பாக்கல. போன உயிர் திரும்பி வரப் போகுதா? நீங்க சொன்னதை நீங்களே மாத்திப் பேசினா மறுபடியும் கூப்பிடுவாங்க. வேலை போகும். உள்ள தூக்கிப் போட்டா நான் எங்க போய் நிப்பேன்?"

கெட்ட மனசுக்காரி இல்லை அவள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தவர் பாதியிலேயே எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலில் நின்று அழுதாள்.

மூன்று தரம் முனையோடு திரும்பிய அதே தெருவில், மாடி ஏறிப் போக வேண்டிய வீடு. சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசி நூலோடு வந்து கதவைத் திறந்தாள். அவரை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது மொத்தமும் மறந்துவிட்டது. "அவரு என்னைப் பாக்கலம்மா. நான்தான் பாத்தாருன்னு நெனச்சு அப்படிச் சொல்லிட்டேன். அந்த மாதிரி குனிஞ்சு ஓட்டறப்ப கொஞ்சம் தரைதான் தெரியும். இன்னிக்கு நானே ஏறிப் பாத்தேன். அவரு மேல தப்பில்ல. நான் திருப்பியிருக்கக் கூடாது."

அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள்.

"அன்னிக்குக் காலையில அவர்கிட்ட சண்டை போட்டேன்" என்றாள். "போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன். அது அவரோட அம்மா, எங்க அத்தை காதுலயும் விழுந்துச்சு. அப்புறம் நீங்க வந்து, பாத்துக்கிட்டேதான் வந்தாருன்னு சொன்னீங்க. வேணும்னே வந்து விழுந்துட்டாருன்னு நெனச்சோம். நானும்தான் நெனச்சேன். நாலு வருஷமா அத்தை என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. ஒரே வீட்லதான் இருக்கோம்."

இது அவர் கனவிலும் நினைக்காதது. அவள் துக்கத்தைத்தான் சுமக்கிறாள் என்று எண்ணியிருந்தார். தன்னைக் காப்பாற்றிய அதே வார்த்தை இந்த வீட்டுக்குள் என்ன செய்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இவ்வளவு பெரிய பாவத்துக்கு அந்தச் சொல் எந்த மூலைக்கு என்று வெட்கமாகிவிட்டது.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய்க் கோடு போட்ட காகிதம் ஒன்று, பேனா, அடியில் வைத்துக்கொள்ள ஒரு தடித்த புத்தகம் எல்லாம் கொண்டு வந்தாள்.

"எழுதிக் குடுங்க."

அந்தக் காகிதம் எங்கெல்லாம் போகும் என்று யோசிக்காமல் இருக்க அவர் ஒன்றும் குழந்தை இல்லை. மனைவி அழுத முகம் கண்ணெதிரே வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தார். தேதி, நேரம், நாற்சந்தியின் பெயர், பஸ் நம்பர் என்று பழைய டியூட்டிப் பழக்கத்தில் கை தானாக எழுதிக்கொண்டு போனது. 'அவர் என்னைப் பார்க்கவில்லை' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவு பொடியா எழுதினா எப்படி? பெருசா எழுதுங்க. அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

அவர் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி, ஒரு வரிக்கு மூன்று சொல்லாக, முதலிலிருந்து ஆரம்பித்தார்.