பச்சை டைனோசருக்கு ஒரு முழம் பூ

வீடு மாற்றும் நாளில் ஆண்பிள்ளை காணாமல் போனால் மனைவி என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே போனேன்.

கரமனை அக்கிரகாரத்து வாடகை வீட்டிலிருந்து விழிஞ்ஞம் பக்கம் சொந்த ஃபிளாட்டுக்குப் போகிறோம். வாசலில் லாரி. பீரோ நடைவழியில் குறுக்காகச் சிக்கி நிற்கிறது. நாகர்கோவில்கார டிரைவர், "சாரே, இது உள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியல்ல, வெளிய வரமாட்டேங்கு" என்று என்னையே முறைக்கிறார். ராகுகாலத்துக்கு முன்னால் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும் என்று மனைவி பாத்திரங்களோடு மல்லுக்கட்டுகிறாள். "டீ வாங்கிண்டு வரேன்" என்று நழுவினேன்.

எனக்கு ஜியோகேஷிங் பைத்தியம். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். முன்பின் தெரியாத இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிப்பார். உள்ளே இருக்கும் சின்னச் சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள், மனைவி கேட்டாகிவிட்டது.

ஆற்றங்கரை அரசமரப் பொந்தில் நானும் ஒரு டப்பா வைத்திருந்தேன், மரத்தின் நிறத்தில் நாடா சுற்றி. ஒளித்தவன்தான் அதைப் பராமரிக்க வேண்டும். முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. வீடு பார்க்கும் அலைச்சல், மிச்ச நேரத்தில் மற்றவர்களின் டப்பாக்கள்; ஒரு வருஷமாக நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

போனால், மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. டப்பாவின் மேல், யாரோ அதற்குள் போட்டுவிட்டுப் போன பச்சைப் பிளாஸ்டிக் டைனோசர் எழுந்தருளியிருந்தது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் தெச்சிப்பூ, முன்னால் அணைந்த அகல்விளக்கு. வாலில்கூடப் பொட்டு! அடப்பாவிகளா, கும்பாபிஷேகமே நடத்திவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ!"

பின்னால் மனைவி. கையில் இலையில் சுற்றிய பூ. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன்.

"டீ இங்கயா விக்கறா?" என்றவள், சட்டென்று முகம் மலர்ந்தாள். "போற அன்னிக்காவது நாகரைத் தொழணும்னு தோணித்தே உங்களுக்கு. பால் வாங்கப் போறேன்னு நான் தினமும் காலம்பற இங்கதானாக்கும் வரேன். நம்ம காரியத்துல கண் தொறந்தது இந்தத் தெய்வம்தான்."

நாகராம். நாலு காலோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கடனுக்கு வங்கி வங்கியாகச் செருப்புத் தேய நடந்தவன் நான்; பேர் வாங்குவது டைனோசரா? டப்பாவைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் உடைத்துவிடுவது என்றே முடிவு செய்தேன்.

"ஃபிளாட் கெடச்சது என் அலைச்சல்ல," என்று ஆரம்பித்தேன்.

"ஃபிளாட்டை யார் கேட்டா?" பூவைச் சாத்திக்கொண்டே சொன்னாள். "டப்பா தேடறேன்னு ஞாயித்துக்கெழமை ஆனா பாறையிலயும் பொதரிலயும் ஏறிண்டிருக்கேள். முன்னாடி ஒரு தடவை காலை ஒடிச்சுண்டு வந்தேளே, ஓர்மை உண்டா? இந்த மனுஷன் கையும் காலும் முழுசா ஆத்துக்கு வந்து சேரணும். அதாக்கும் கேட்டேன். அதுக்கப்பறம் ஒண்ணும் ஆகலையே."

டப்பாப் பக்கம் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். என் பைத்தியத்தை வாய் ஓயாமல் திட்டியவள், தினமும் காலையில் என் டப்பாவின் முன்னாலேயே நின்று எனக்காகக் கும்பிட்டிருக்கிறாள். அவள்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"நமஸ்காரம் பண்ணுங்கோ."

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, ஈர மண்ணில் விழுந்தேன். எழுந்தபோது டைனோசர் பல்லை இளித்தது.

"விழிஞ்ஞத்துலேர்ந்து நான் தினமும் எப்படி வரது?" என்று கவலைப்பட்டாள்.

லாரியில் உட்கார்ந்ததும் செயலியைத் திறந்து, டப்பா எடுக்கப்பட்டுவிட்டது, யாரும் தேடி வர வேண்டாம் என்று எழுதினேன். சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் பாறை ஏறுவதில்லை. ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு கரமனைக்குப் பஸ் ஏறுகிறேன். ஒளித்தவன்தானே பராமரிக்க வேண்டும்.