ஓட்ஸ் பாலும் செவலைப் பாலும்

நாயுடுபேட்டை வைக்கோல் வியாபாரி ஒருவருக்கு மாசிலாமணி முப்பத்தாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். முந்தைய பஞ்சத்தில் பட்ட கடன். வட்டியோடு அடைத்துவிட்டு வந்த அன்றைக்கே, இனிமேல் ஒரு கட்டு வைக்கோலைக்கூடக் கடனுக்கு இறக்குவதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஒரேயொரு கிடாரிக் கன்றில் ஆரம்பித்து ஆறு கறவை மாடு கட்டிய மனிதர். வடமாலப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் இப்படி இன்னொரு ஆளைக் காட்டிவிட முடியாது. இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. தொள்ளாயிரம் அடி போர்க்குழாய் வெறும் காற்றைக் கக்கியது. ஆறு மாடு நாலானது. மிச்சமிருப்பதற்கும் தீவனம் இரண்டு நாளுக்குத்தான். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது: திருப்பதியில் தான் பால் ஊற்றும் அபார்ட்மெண்டில் பத்து வீட்டிலும் ஒரு மாதப் பணத்தை முன்னாடியே வாங்கிவிடுவது. பால் ஊற்ற ஊற்றத் தீர்ந்துபோகிற பணம் கடனாகாது, சத்தியமும் கெடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மாடி அலர்மேல் மாமி பத்து வீட்டுப் பணத்தையும் வசூலித்து இருபத்தோராயிரமாகக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டை உள்பையில் திணித்துக்கொண்டு கீழே இறங்கினால், வாசலில் மேஜை போட்டு, அட்டை டப்பாக்களை அடுக்கி, கழுத்தில் கார்டு தொங்க ஒரு பையன் நிற்கிறான். பெயர் சுரேஷ்பாபு.

"தாத்தகாரு, ஒக்க கப் டேஸ்ட் பண்ணுங்க. ஓட்ஸ் பால்."

ஒரு வாய் குடித்தார். "கஞ்சித் தண்ணியிலே சக்கரையப் போட்டுக்கினு பாலுன்றியே. இதுக்கு மடி எங்கடா கீது, காம்பு எங்க கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ரோஹிணி மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், மாட்டுப்பால் ஒரு லிட்டருக்கு அறுநூறு லிட்டர் தண்ணி செலவு. இந்தப் பஞ்சத்துலே அது பாவம் கதா?" என்றான் சுரேஷ்பாபு.

"பாவமா? டேங்கர்ல ரெண்டு குடம் புடிக்கிறேன். ஒண்ணு மாட்டுக்கு, ஒண்ணு வூட்டுக்கு. உன் டப்பா எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு, அதுக்கு எத்தினி குடம்? சொல்லு பாப்போம்!"

அவன் டப்பாவின் அடியில் விலாசம் தேடினான். ரோஹிணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள், நான் இதுக்கு மாறலாமான்னு யோசிக்கிறேன். மூணாவது மாடியிலயும் ரெண்டு வீட்ல அப்படித்தான் சொல்றாங்க."

உள்பையிலிருந்த பணம் அதற்குள் மூன்று வீட்டுக்கு ஆட்டம் கண்டது. மாசிலாமணிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ரெண்டுலயும் உறை ஊத்துங்க. மத்தியானத்துக்குள்ள எது தயிராவுதோ அதான் பாலு!"

"ஐயோ தாத்தகாரு, இது காபிக்கு. தயிருக்கு இல்ல," என்றான் சுரேஷ்பாபு பரிதாபமாக. யார் கேட்டார்கள்? அவர் ஊற்றிய பாலைக் காய்ச்சி ஆற்றி, உறைமோரோடு மாமி கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர், இரண்டு தட்டு. வாட்ச்மேன் சிட்டிபாபுவின் மேஜையில் வைத்தாயிற்று.

சித்திரை வெயிலுக்கு ஐந்து மணி நேரம் தாராளம். ஆனால் மாசிலாமணியால் உட்கார முடியவில்லை. கேட்டுக்குப் போனார், வந்தார். டீ வாங்கினார், பாதியில் வைத்தார். வண்டியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். தட்டைத் தூக்கப் போனவரை சிட்டிபாபு அதட்டினான்: "பெத்தாயனா, சும்மா இரு. பாக்கப் பாக்க உறையாது." பன்னிரண்டு மணிக்கு மனைவி கமலம்மா போன் செய்தாள். "வைக்கோல் லாரி கெளம்பிடுச்சாம்யா. பணம் வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு."

ஒரு மணிக்குத் தட்டைத் திறந்தார்கள். ஓட்ஸ் பால் அப்படியே இருந்தது. சிட்டிபாபு அடுத்த டம்ளரைச் சாய்த்தான். அதுவும் தண்ணீராகச் சாய்ந்தது.

"ரெண்டும் அண்ணன் தம்பியா கீதே!" என்றான். சிரிப்பு மாடிப்படி வரைக்கும் ஏறியது.

"எங்காத்து உறைமோர்லதான் ஏதோ கோளாறு," என்றாள் அலர்மேல் மாமி, அவருக்குப் பரிந்து. "நேத்திக்கும் இப்படித்தான் தோயவே இல்லை."

நேற்றும். மாசிலாமணி விரலை மடக்கி நாள் எண்ணினார். வெள்ளிக்கிழமை செவலை மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட டாக்டர், நாலு நாளைக்கு அந்தப் பாலை விற்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று இவர் தாமாகவே முடிவு கட்டி, கேனில் சேர்த்துவிட்டார். செவலை கறப்பதுதான் பாதிக் கேன். மருந்து போகவில்லை. உறையையே சாகடித்திருக்கிறது.

மோர் மேல் பழி போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். லாரி வந்துகொண்டிருந்தது. ரோஹிணியின் குழந்தை டம்ளரை எட்டிப் பிடிக்கக் கை நீட்டியது.

"குடுக்காதம்மா!" என்று கத்திவிட்டார். பிறகு மாமி பக்கம் திரும்பினார். "உங்க மோர் நல்ல மோரு. தப்பு என்னுது." ஊசி, நாலு நாள், கேன் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். உள்பையிலிருந்து பணத்தை வெளியே எடுத்தார். ரோஹிணி குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

"அந்த மாட்டைத் தனியாக் கறந்துட்டாப் போறது. பணத்தை வெச்சுக்கோங்கோ, மாசிலாமணி," என்றாள் மாமி.

"இவங்க மூஞ்சியப் பாத்துக்கினு எப்டி வெச்சுக்கறது? மருந்து எறங்கட்டும். அப்பால வேணும்ன்றவங்க கூப்புடுங்க, ஊத்தறேன்."

"மாடு என்னத்தைத் தின்னும்?"

"அது என் பாடு. கைய நீட்டுங்கம்மா."

மாமி புடவைத் தலைப்பைப் பிடித்தபடியே நின்றாள். பையில் போன் அடித்தது. கமலம்மாதான். அவர் எடுக்கவில்லை. வியர்வையில் ஒட்டியிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களைப் பிரித்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் மாமி கையை விரித்தாள். ஒவ்வொன்றாய், வாய்விட்டு எண்ணி, நாற்பத்திரண்டாவது தாளையும் அதில் வைத்தார்.