பூட்டு எதைக் காக்குது?

செக் நாட்டின் பர்னோ நகர அலுவலகத்தில் போஹுமிலுக்கு யாரும் பயப்படவில்லை. அவருடைய ஒரு கேள்விக்குத்தான் பயந்தார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிரலில் யார் புதிதாய்ப் பூட்டுப் போட்டாலும், "சரி, இது எதைக் காக்குது?" என்பார். "இந்த அஞ்சு வரி நிரலை" என்றவன் தொலைந்தான்.

"வரியை எவன் திருடப் போறான்? எந்தத் தகவலைக் காக்குதுன்னு சொல்லு."

நினைவகத்திலுள்ள ஒரே பட்டியலை இரண்டு பிராசசர்கள் ஒரே சமயத்தில் தொட்டால் மெஷின் கவிழும். பூட்டை வாங்கியவர் தொடலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். இருபது வருஷமாய் அவர் பிழைப்பே இதுதான்.

ஒரு வியாழக்கிழமை, அவர் மூன்று வருஷம் உழைத்து எழுதிய நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலே சோதனை மெஷினைக் கவிழ்த்தது. ஞாயிறன்று இயங்குதளத்தின் புதுப் பதிப்பு வெளியாகும். அதற்குள் சரியாகாவிட்டால் டிரைவரைப் பதிப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

எங்கே கவிழ்கிறதென்று பார்க்க, செய்தி அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தார். உடனே கவிழ்வது நின்றுவிட்டது. வெள்ளி மாலை வரை மெஷின் சமர்த்தாய் ஓடியது.

"இப்படியே விட்டுடலாமா?" என்றார், காபியைக் கலக்கியபடி.

சோதனை பார்க்கும் ஸ்தெனா சிரித்தாள். "அந்த வரி ஒரு பிராசசரைத் தாமதப்படுத்துது, போஹுமில். அதான் ரெண்டும் மோதிக்கல. வேறொரு மெஷின்ல மோதும்."

"தெரியும்மா. கேட்டுப் பார்த்தேன்."

அவள் திரையைத் தொட்டாள். "இங்க பட்டியலைப் படிக்கிறீங்களே, பூட்டு எங்க?"

"சும்மா பார்க்கத்தானே. எதையும் மாத்தலையே."

"பார்க்கிறப்பவே இன்னொரு பிராசசர் அதை அழிச்சா? சொல்லுங்க, உங்க பூட்டு எதைக் காக்குது?"

போஹுமில் காபியைக் கீழே வைத்தார்.

திருத்தம் இரண்டே வரி. மூன்றாவது வரிதான் கஷ்டம். எந்தப் பழைய மாற்றத்தின் பிழை, அதை எழுதியது யார் என்று திருத்தத்தில் குறிக்க வேண்டும். அப்படிப் பெயர் வந்தவர், மற்ற எல்லாருக்கும் கொலாச் என்ற பிளம் ஜாம் வைத்த இனிப்பு ரொட்டி வாங்கிவருவது அலுவலக வழக்கம். இந்த அலுவலகத்தில் பதினோரு வருஷமாய்த் தன் பெயர் வராமல் ஊரார் கொலாச்சையே தின்றவர் அவர்.

'சிறு சீரமைப்பு' என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்த மூன்றாவது வரியைத்தான் தேடுவார்கள். அது இல்லாவிட்டால் அங்கே மெஷின்கள் கவிழ்ந்துகொண்டே இருக்கும். தன் பெயரை எழுதி அனுப்பினார்.

ஞாயிறன்று டிரைவர் தப்பித்தது. திங்களன்று அவர் கொலாச் பெட்டியைத் திறந்ததும் ஸ்தெனா எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு வருஷத்துக்கு இவ்வளவுதானா?"

"ஒரு பிழைக்கு ஒரு பெட்டிம்மா."

அவர் அலுவலகத்தை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. நிரலில் அந்தப் பூட்டுக்கு மேலே அவர் அன்று எழுதிய குறிப்பை யாரும் மாற்றவில்லை: 'இது பட்டியலைக் காக்கிறது. சும்மா பார்ப்பவரும் பூட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், போஹுமில் உட்பட.'