பெட்டிக்குள் நமுத்த வெடி

திருத்தங்கலில் மைக்செட் கடை வைத்திருக்கும் கைருன்னிசாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாண வீட்டு ஸ்பீக்கர், பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர், கோயில் கொடை விழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் எல்லாம் அவள் மேசையில் படுத்து எழுந்துதான் போகும். செத்துக் கிடக்கிற பெட்டியைப் பார்த்து அவள் உச்சுக்கொட்டியதில்லை. திருகாணியைக் கழற்றிக்கொண்டே, "எங்கன வலிக்கு?" என்று கேட்பாள்.

அந்த வாரம் அவளைத் தேடி வந்தது அவளைவிட உயரமான வீடியோ கேம் பெட்டி. நின்றுகொண்டு, காசு போட்டு ஆடுகிற பழைய ரகம். திரையில் விண்கலம் பறக்கும், குண்டு போடும். சத்தம் மட்டும் வராது. பட்டாசுக் கம்பெனி நடத்தும் சபரிநாதன், தான் திறக்கப்போகும் வெடிக்கடை வாசலில் வைப்பதற்காக அதை வாங்கியிருந்தான்.

"கம்பெனிக்கே வந்து பாத்துருங்கக்கா" என்றுதான் முதலில் கூப்பிட்டான்.

"ஈயம் உருக்குற சூட்டுக்கோலத் தூக்கிட்டு வெடிமருந்து ரூம் பக்கத்துல நிக்கச் சொல்றீகளா? பெட்டிய இங்கன கொண்டாங்க தம்பி."

கூலியோடு அவள் இன்னொன்றும் கேட்டாள். கடை திறக்கும் அன்று முதல் ஆட்டம் அவளுக்கு வேண்டும். சின்ன வயதில் விருதுநகர் பொருட்காட்சியில் அண்ணன்மார் இதே மாதிரிப் பெட்டியில் ஆட, அவள் அவர்களுடைய பஞ்சுமிட்டாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அதில் அவளுக்கு மனக்குறை இல்லை. மிட்டாயை அவளே தின்றுவிட்டாள். ஆட்டம்தான் பாக்கி.

"சத்தம் வந்துட்டா மொத ஆட்டம் உங்களுக்குத்தான். வரலன்னா பெட்டி வாங்குன மதுரைக்கே திரும்பிப் போயிரும்" என்றான் சபரிநாதன்.

பின்கதவைத் திறந்தாள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை எலி கொறித்திருந்தது. பக்கத்து அச்சாபீசில் கிடந்த வெடி லேபிள் காகிதத்தைக் கிழித்து ஒட்டினாள். உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றினாள். சத்தம் கூட்டும் குமிழில் அடைந்திருந்த தூசியைத் துடைத்தாள். சுவிட்சைப் போட்டதும் விண்கலம் குண்டு போட்டது.

"டொப்!"

கைருன்னிசா சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு குதி குதித்தாள். பக்கத்தில் நின்ற சபரிநாதன் குதிக்கவில்லை. சாம்பிள் வெடியைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நமுத்துப் போச்சேக்கா."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. புது ஸ்பீக்கர் போட்டாள். டொப். பெரிய ஆம்ப்ளிஃபயரை இணைத்தாள். எதிர் டீக்கடைக் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. வெடி என்னவோ அதே டொப்தான். வெடிக்குத் திரி சொருகியே தலை நரைத்த கருப்பம்மாள் அடுத்த வீட்டிலிருந்து வந்து காதைக் கொடுத்தாள்.

"திரி நல்லாத்தேன் பத்துது தாயி. மருந்துலதேன் ஈரம்."

"இதுல ஏது பெரியம்மா மருந்து? ஓடுறது கரண்டு."

"அப்பக் கரண்டுல ஈரம்."

தெருவே கூடி அதைத்தான் சொன்னது. நமுத்ததற்கு இந்த ஊரில் ஒரே வைத்தியம்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை வெயிலில் நிறுத்தினார்கள். காக்கை வராமல் கருப்பம்மாள் குச்சியோடு காவல் உட்கார்ந்தாள்.

கல்லூரிவிட்டு வந்த மகள் ஹாதியா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா, வடகமா காய வச்சிருக்கே?"

விஷயத்தைக் கேட்டு, போனில் தேடி, எங்கோ வெளிநாட்டில் யாரோ அதே ஆட்டத்தை ஆடும் வீடியோவைப் போட்டாள். குண்டு விழுந்தது.

"டொப்!"

அந்த ஆட்டத்தின் வெடிச் சத்தமே அவ்வளவுதான். முதல் நாளே பெட்டி பிழைத்துவிட்டது. அதற்குப்பின் செய்ததெல்லாம் நல்லா இருக்கிற ஆளுக்கு ஊசி போட்ட கதை. கைருன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

சபரிநாதன் சிரிக்கவில்லை. "வெளிநாட்டுக்காரனுக்கு அது போதும்க்கா. என் வெடிக்கடை வாசல்ல டொப்புன்னு கேட்டா எவன் உள்ள வருவான்? மதுரைக்கே அனுப்பிருதேன்."

"அனுப்புங்க. சத்தம் வந்தா மொத ஆட்டம்னு சொன்னீகளா இல்லியா? வந்திருச்சு. என் ஆட்டத்தக் குடுத்துட்டு அனுப்புங்க."

சொன்ன சொல்லை மீற அவனுக்கு வழியில்லை. திறப்பு விழா அன்று வெடிக்கடை வாசலில், ஆட்டம் முடிந்ததும் பெட்டியை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் பஞ்சுமிட்டாய் கொடுத்தார்கள். ஒரு கையில் மிட்டாயோடு கைருன்னிசா காசைப் போட்டாள்.

"டொப்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபரிநாதன் தரையைப் பார்த்தான். அடுத்த குண்டு கீழே இறங்கியது. கருப்பம்மாளால் அந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை.

"டமார்!" என்று கத்தினாள்.

அடுத்த குண்டுக்கு ஹாதியாவும் டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த டமாரில் கடைப் பலகை அதிர்ந்தது. சாலையில் போன பைக்குகள் நின்றன. என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்த வேன் டிரைவர் அடுத்த குண்டுக்கு வாயைத் திறந்தான். சபரிநாதன் உதட்டைக் கடித்துப் பார்த்தான், கைக்குட்டையால் வாயைப் பொத்திப் பார்த்தான். அப்புறம் அவன் போட்ட டமார் எல்லாரையும் அமுக்கியது.

"வண்டியத் திருப்புலே! பெட்டி எங்கயும் போகல" என்றான், மூச்சிரைக்க.

விண்கலத்தைத் திருப்ப ஒரு கை போதவில்லை. கைருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மிட்டாயை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதச் செத்த நேரம் புடிங்க தம்பி. தின்னுறாதீக."