தோணி வெறுமையாகத் திரும்பினால்தான் பள்ளிக்கூடம்

திருகோணமலையில் எங்கேயப்பா குளிர் என்று சிரிப்பவர்கள், தை மாத வாடைக்காற்றில் கொட்டியாரக் குடாவை லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் ஒருதரம் கடந்துவிட்டு வந்து என்னோடு கதையுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் முதல் ஆசிரியர் நியமனம் கிடைத்து நான் அப்படித்தான் போனேன். கட்டைபறிச்சானுக்கும் அப்பால், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னக் கிராமம். ஒரே ஒரு ஆசிரியருக்கான பள்ளிக்கூடம். அந்த ஒருவரும் இல்லாமல் மாதக்கணக்காக மூடிக் கிடந்தது. திருகோணமலை நகரத்து ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. "அங்க இருக்க ஏலாட்டி பின்னேர லோஞ்சிலேயே வந்திடு பிள்ளை" என்றார் அப்பா. எனக்குப் பொல்லாத கோபம். நின்று காட்டுகிறேன் பாருங்கள் என்று வெளிக்கிட்டேன்.

காலை ஏழு மணிக்கு லோஞ்ச். மூதூருக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அலை அடித்துச் சேலை பாதி நனைந்துவிட்டது, அதன் மேல் காற்று. பல் கிடுகிடுத்தது. பக்கத்தில் இருந்த வெங்காய வியாபாரி ஒரு வெறுஞ்சாக்கைத் தந்தார். மானம் பார்க்காமல் வாங்கிப் போர்த்திக்கொண்டேன். மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு பஸ். அதற்குமேல் சேற்றில் மாட்டுவண்டி, நாலு மைல் இருக்கும். ஆற்றங்கரைக்கு வந்தபோது பத்தரை.

தோணிக்காரர் சாமித்தம்பி என்னை அக்கரை சேர்த்துவிட்டு, தோணியைக் கட்டையில் கட்டினார். பிறகு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

"நீங்கள் திரும்பிப் போகயில்லையா அண்ணன்?"

"நிண்டு உங்களையும் ஏத்திக்கொண்டு போறன் ரீச்சர். முந்தி வந்த மூண்டு ரீச்சர்மாரும் பொழுதுபட முன்னம் திரும்பிட்டினம். சும்மா ரெண்டுதரம் ஏன் துடுப்பு வலிக்கோணும்?"

மனுசன் கேலி பண்ணவில்லை, உண்மையாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்தார். அதுதான் இன்னும் எரிச்சல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூடம் கிடுகுக் கூரையும் அரைச்சுவரும். மேசை, கதிரை, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட ஒரு இரும்புத்துண்டு. அதை அடித்தேன். ஒருவரும் வரவில்லை. திரும்ப அடித்தேன். வேலிகளுக்கு மேலாகச் சின்னத் தலைகள் எட்டிப்பார்த்தன, அவ்வளவுதான். அரைச்சுவருக்கு மேலால் கூதல்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரச்சேலையோடு மதியம் தாண்டியும் இருந்தேன். என்னைத் தேவையில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று அழுதேன், ஓம், நன்றாகவே அழுதேன். பிறகு பெட்டியை எடுத்தேன்.

கரைக்குத் திரும்பும் வழியில் முதல் வீட்டுப் பாக்கியம் அக்கா ஒரு கோப்பை தேத்தண்ணியோடு மறித்தார். "குடிச்சிட்டுப் போங்கோ, விறைச்சுப்போனீங்கள்."

"ஏன் அக்கா பிள்ளைகளை அனுப்பயில்லை?" என்று பொரிந்து தள்ளினேன்.

"தோணி நிக்குதே ரீச்சர்."

"தோணி நிண்டால் என்ன?"

"மூண்டு தரமும் பிள்ளையளைத் தலை முழுகவாத்து, இருந்த ஒரு நல்ல உடுப்பையும் போட்டு அனுப்பினனாங்கள். போன முறை வந்தவர் தோணியில ஏற, என்ட மகள் அழுதுகொண்டு ஆத்தங்கரை வரைக்கும் பின்னால ஓடினவள். இனித் தோணி வெறுமையாப் போனாத்தான் பிள்ளையள் வரும். ஊரில எல்லாரும் கதைச்சு எடுத்த முடிவு."

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். நான் அவர்களுக்காகக் காத்திருக்க, அவர்கள் தோணி போவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

கரைக்குப் போனேன். சாமித்தம்பி அண்ணன் எழும்பிப் பெட்டிக்குக் கை நீட்டினார்.

"நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்றேன்.

"பிறகு கூப்பிட்டாலும் இந்தக் காத்துக்கு அக்கரையில கேக்காது."

"கேக்க வேண்டாம்."

என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தோணியைத் தள்ளினார். நடு ஆற்றுக்கு அவர் போனபோது, ஐயோ, கூப்பிடுவோமா என்று வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். முழுகாத தலையும் வீட்டு உடுப்புமாக ஏழெட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இரும்புத்துண்டை அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

அங்கே ஆறு வருடம் இருந்தேன். இப்போது கிண்ணியா வழியாகப் பாலங்கள் வந்துவிட்டன, மூதூருக்கு நேரே பஸ்ஸில் போகலாம். மாரி மழைக்குள் போகிறவர்கள் மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு கம்பளியும் வேண்டும். தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு முதல் நியமனத்தில் போகிறீர்களா? இறங்கியவுடன் வந்த வாகனத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேலிக்குப் பின்னால் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.