எல்லை தாண்டிய எலுமிச்சம்பழம்

எங்கள் எல்லையம்மனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஏரிக்கரையில், தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல், முழித்த கண்ணும் ஓங்கிய கத்தியுமாக உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி ஒரகடம் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில், அவள் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் கும்பிட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன். வாயாடி என்று பெயரெடுத்த எனக்கே அந்த நிலைமை.

ஆடியில் அவளுக்குக் கூழ் வார்ப்போம். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பூசாரி அம்மன் கையில் மஞ்சள் கயிற்றால் காப்பு கட்டுவார். கட்டிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் அவள் கோபம் ஊர்மேலேயே இறங்கும் என்று பயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், காப்பு கட்டிய மறுநாள் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் நடை பழகியிருந்தாள். எல்லோரும் அம்மை என்றார்கள். வேப்பிலை போடு, தாளிக்காதே, தானாக இறங்கும் என்றார்கள். உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. வியாழக்கிழமை காலை அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பாலுக்கு வாயை வைத்தாள், மூச்சு முட்டி விட்டுவிட்டாள். என் அக்கா குழந்தை இப்படித்தான் போயிற்று. வீட்டுக்காரரிடம் வண்டியைப் பூட்டச் சொன்னேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்தால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

"ஊர்க்கட்டு கீதே..." என்று இழுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் மாட்டை அவிழ்க்கப் போனார்.

ஏரிக்கரையில் வண்டியை மறித்தது பெரிய மாமா. என் மாமனாரின் அண்ணன். ஊர்ப் பெரியதனமும் அவர்தான். பக்கத்தில் பூசாரி.

"எங்க மருமவளே, வண்டி கட்டிக்கினு?"

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மாமா. கொழந்தையால மூச்சு வுட முடியல."

"இருட்டறதுக்குள்ள வந்துடுவீங்களா?"

வந்துவிடுவோம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வழி விட்டிருப்பார். அம்மன் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வாய் வரவில்லை. "தெரியாது மாமா" என்றேன்.

"அப்போ போவக் கூடாது. ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ? அவ எல்லைக்குள்ள இருந்தாதான் அவ காவல்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன். அம்மனுக்கு எதிரே தரையில் நட்டிருந்த சூலத்தில், காப்பு கட்டிய அன்று குத்திய எலுமிச்சம்பழம் இருந்தது. திருவிழா முடியும்வரை அம்மன் அதில் இறங்கியிருப்பாள் என்று நம்பிக்கை. பூசாரியைத் தவிர ஆண்கள்கூட அதைத் தொடமாட்டார்கள். நான் நேராகப் போய்ப் பிடுங்கினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.

"இதோ, அவளே என்கூட வர்றா. அவ எங்க கீறாளோ அதான் எல்லை. இப்ப மறிங்க, பாக்கலாம்."

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரிய மாமா வழியை விட்டு விலகினார். மறித்தால் அம்மனையே மறித்ததாக ஆகும். வீட்டுக்காரர் மாட்டை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விலாவுக்குக் கீழே விழுந்த குழி லேசாக ஆழம் குறைந்தது. ஒரு மடக்குப் பால் குடித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சனிக்கிழமை பூசாரி வந்து நின்றார், துண்டு அக்குளில். நான் யோசிக்காத வம்பு ஒன்று ஊரில் கிளம்பியிருந்தது. பழத்தோடு அம்மனும் வெளியே போய்விட்டாளே, இப்போது யாருக்குக் கூழ் வார்ப்பது?

"பழத்தக் குடுத்துடும்மா. நான் எடுத்துக்கினு போயி வெச்சிடறேன். கூழுக்குக் கேவரு மாவு கரைச்சாச்சு."

பழம் என் மகள் தலைமாட்டில் இருந்தது. ஊரை மடக்கத்தான் அதைப் பிடுங்கினேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கை நீட்டியதும் பழத்தை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டேன். பழம் போனால் மூச்சும் போய்விடும் என்று பயம். யாரையும்விட நான்தான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

"தர மாட்டேன், பூசாரி அண்ணா. அவ என் புள்ளைக்குக் காவலா வந்துகீறா. டாக்டர் வுட்டதும் ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வர்றேன். அதுவரைக்கும் ஊரு காத்துகினு இருக்கட்டும்."

ஊர் காத்துக்கொண்டிருந்தது. வேறு வழி? கரைத்த மாவை அவரவர் வீட்டில் காய்ச்சிக் குடித்தார்கள். கூழ் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை காப்பும் அவிழ்க்க முடியாது. வெளியூரில் தங்க வேண்டியிருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தார்களாம். திட்டட்டும் என்று இருந்தேன்.

நாங்கள் திரும்பிய அன்று ஏரிக்கரையில் பம்பை அடித்தார்கள். பூசாரி கற்பூரம் காட்டினார், பிள்ளைக்கா பழத்துக்கா என்று அவருக்கே தெரியாது. பழம் வதங்கிச் சுருங்கியிருந்தது. வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். "எடுத்தவளே வெச்சிடும்மா" என்று பின்னால் நகர்ந்தார். வைத்தேன். பெரிய மாமா கிட்டே வந்தார். குழந்தையின் நெற்றியை மட்டும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கூழ் முடிந்து பல மாதங்கள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே கிடையாது.

அடுத்த ஆடியில் காப்பு கட்டும்போது பூசாரி சூலத்தில் வழக்கமான பழத்தைக் குத்திவிட்டு, அதற்குக் கீழே இன்னொன்றும் குத்தினார். அது எதற்கு என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பூசாரி பெரிய மாமாவைப் பார்த்தார். மாமா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"நான்தான் குத்தச் சொன்னேன். யார் வூட்டுக் கொழந்தையாவது ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டி வந்தா, அவளும் கூடப் போவணும் இல்ல?"