பேசாலையில் எங்களுக்குப் போட்ட கதிரை

பிரியமான சகோதர சகோதரிகளே, மன்னாருக்கு மாற்றலாகிப் போன முதல் மாதத்திலேயே ஊழியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடிவு செய்தவன் நான். பெட்டியைக்கூட அடுக்கிவிட்டேன். அந்தப் பெட்டியை ஏன் திரும்ப அவிழ்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா தோட்டத்துத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான்தான். பரீட்சை முடிந்ததும் வேலைக்குப் போவேன் என்று அப்பா காத்திருந்தார். நானோ, மோர்மன் என்று வெளியார் சொல்லும் நம் சபையின் ஊழியக்காரனாக இரண்டு வருடம் போகிறேன் என்றேன். அப்பா, "போறதுன்னா போ. ஆனா பாதியில திரும்பி வந்து என் முகத்துல முழிக்காத" என்றார்.

கொழும்பில் ஊழியம் நன்றாகத்தான் போனது. பிறகு மன்னார் என்றார்கள். போன வருடம் ஆனி மாதம், சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிற காலம். குளிரில் வளர்ந்த உடம்பு எனக்கு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. தோய்க்கத் தோய்க்க என் வெள்ளைச் சட்டைகள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. எங்களுக்கு அங்கே ஆலயக் கட்டிடம் இல்லை. மன்னார்த் தீவுக்கு அப்பால், பெருநிலத்தில், நறுவிலிக்குளத்தில் ஒரேயொரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய விறாந்தையில் திருவிருந்து. அவ்வளவுதான் எங்கள் சபை.

என் துணை ஊழியக்காரர் எல்டர் பெரேரா. குருநாகலைச் சேர்ந்த சிங்களச் சகோதரர். என்னைவிட ஒரு வருடம் மூத்தவர். தமிழில் வணக்கம், நன்றி, காரம் போதும் என்ற மூன்றும்தான் அவருக்குத் தெரியும்; நாங்கள் பேசிக்கொள்வது சிங்களத்தில். எங்கள் இருவருக்கும் கொடுத்த இடம் தீவிலுள்ள மீனவர் ஊரான பேசாலை.

பேசாலையில் வீட்டுக்கு வீடு மாதா படம். கத்தோலிக்கர் ஊர்; தங்களை வேதக்காரர் என்பார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நின்று பேசியிருக்கலாம். எங்களைக் கண்டதும் முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பி உள்ளே போனார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் நீலக் கேற். அதன் இடுக்கில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. கற்றுத் தந்தபடி நான் சிரித்த முகத்தோடு தொடங்கினேன்.

"வணக்கம் அக்கா. வீட்டுல எத்தன பேரு இருக்கீங்க? குடும்பத்தப் பத்தி ஒரு நல்ல செய்தி சொல்லலாமா?"

அந்த முகம் வெளிறிப் போனது. "இஞ்ச ஒருத்தரும் இல்லை. நாங்கள் வேதக்காரர். போங்கோ" என்ற குரல் மட்டும் வந்தது. கொண்டி விழுந்தது.

இப்படியே நாளுக்கு நாள். நான் சாப்பாட்டைக் குறைத்தேன். செபம் வாயோடு நின்றது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பெட்டியை அடுக்கிவிட்டு, திங்கட்கிழமை ஊழியத் தலைவருக்கு அழைத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன் என்று எல்டர் பெரேராவிடம் சொன்னேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. "நாளைக்கு உபவாச ஞாயிறு. ஒன்றை மட்டும் கேள். உன்னால் அடையாளம் காணக்கூடிய சின்ன விஷயமாகக் கேள்" என்றார்.

சகோதரரே, நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நின்று, "பரலோக பிதாவே, பேசாலையில் ஒரே ஒரு வீட்டில் எங்களுக்குக் கதிரை போட்டு 'இருங்கோ' என்று சொல்ல வையும். இல்லாவிட்டால் நான் போகிறேன்" என்றேன். அழுதேன். அன்றிரவு உபவாசத்தை முடித்தபோதும் ஒன்றும் மாறவில்லை.

திங்கட்கிழமை எங்களுக்கு ஆயத்த நாள். உடுப்புத் தோய்த்து, வீட்டுக்குப் பேசி, சாதாரண உடுப்பில் வெளியே போகலாம். "தலைவருக்குப் பின்னேரம் அழைக்கலாம். வந்த நாளிலிருந்து நீ கடலை ஒழுங்காகப் பார்க்கவில்லை, வா" என்று எல்டர் பெரேரா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று எங்கள் உடம்பில் வெள்ளைச் சட்டையும் இல்லை, பெயர் அட்டையும் இல்லை. பழைய ரீசேட்தான்.

கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீளக் கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கடலில் வளைத்த வலையைக் கரைக்கு இழுக்க வேண்டும். கயிறு இழுக்கிற ட்ராக்டர் பழுது என்று பிறகு தெரிந்தது. ஆள் போதாது. வலைக்குச் சொந்தக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். அந்தச் சம்மாட்டி, பீற்றர் என்று பெயர், எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், அங்க நிண்டு வாய் பாக்கிற ரெண்டு பேரும்! கை இருக்குத்தானே, வந்து பிடியுங்கோவன்!"

ஓடிப்போய்ப் பிடித்தோம். கயிறு என்னை இழுத்ததா, நான் கயிற்றை இழுத்தேனா தெரியாது. பின்னால் நின்றவர், "தம்பி, உவ்வளவு மெல்லமாப் பிடிக்க உது என்ன பொம்பிளைப் பிள்ளையின்ர பின்னலோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்டர் பெரேராவும் ஒன்றும் விளங்காமலே சிரித்தார்.

மீன் சேர்ந்த வலைமடி கரையை நெருங்கியதும் எல்லோரும் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் ஈரமணலிலேயே நின்றோம். ஊழியக் காலத்தில் நமக்கு நீச்சலும் கடலும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"இறங்குங்கோ தம்பியவை!"

"அண்ணே, நாங்க கடல்ல எறங்கக் கூடாதுண்ணே. அனுமதி இல்ல."

"ஆர் மறிச்சது? நேவியோ?"

"இல்லண்ணே. எங்க சபையில."

பீற்றர் சம்மாட்டி தண்ணீருக்குள் நின்றபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். "கடலுக்குப் போற எங்களை நேவி மறிக்குது, இவையைச் சபை மறிக்குது. எல்லாரும் ஒரே கேஸ்தான்!"

அப்போதுதான் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். "அட, உவை அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எல்லோ!" சிரிப்பு நின்றுவிட்டது. சம்மாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். எல்டர் பெரேராவின் உள்ளங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தார். பிறகு மீனைப் பிரிக்கத் தொடங்கினார்.

பங்கு வைத்தபோது எங்களுக்கும் ஒரு குவியல் வைத்தார். நான் மரியாதை என்று நினைத்து, "வேணாம்ணே, நாங்க சும்மா உதவிக்குத்தான்" என்றேன். அவருடைய முகம் மாறியது.

"கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு. வேண்டாமெண்டிறவனை நாளைக்கு இந்தக் கயிறில விடமாட்டம்."

மொழி தெரியாத எல்டர் பெரேராதான் விஷயத்தை விளங்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டி மீனை வாங்கினார். சம்மாட்டியின் முகம் மலர்ந்தது. "நாளைக்கு வீட்டுக்கு வாங்கோ. பெரிய கோயிலுக்குப் பின்னால, நீலக் கேற்."

என்னைப் போகச் சொன்ன அதே கேற். அந்தப் பின்னேரம் நான் தலைவருக்கு அழைக்கவில்லை. ஆனால் பெட்டியையும் அவிழ்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை நாள். வெள்ளைச் சட்டையோடுதான் போக வேண்டும். கேற்றின் இடுக்கில் அதே முகம். கடற்கரைக்குப் போயிருந்த சம்மாட்டியின் மனைவி, மெற்றில்டா அக்கா. எங்கள் சட்டையைப் பார்த்ததும் கொண்டியில் வைத்த கை அப்படியே நின்றது. நான் உள்ளுக்குள் செபித்தேன்.

"கயிறு பிடிச்சது இவரோ? கையைக் காட்டச் சொல்லுங்கோ பாப்பம்."

எல்டர் பெரேரா கைகளை விரித்துக் காட்டினார். அக்கா உரிந்த தோலைப் பார்த்தார். கொண்டி விலகியது.

"உள்ளுக்கு வாங்கோ" என்று இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளை இழுத்துப் போட்டு, துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இருங்கோ."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கேட்ட அதே சொல்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் சபையில் தேநீர் குடிப்பதில்லை என்றேன்.

"நீங்கள் எவடம்?"

"ஹற்றன் பக்கம், எஸ்டேட்டுங்க்கா."

"தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தேத்தண்ணி குடியாதாம்! கடலிலயும் இறங்காதாம்! பிறகென்னத்துக்குத் தம்பி இஞ்சால வந்தனீங்கள்?" சிரித்துக்கொண்டே போய் சுடுதண்ணீரில் சீனி போட்டுத் தேசிக்காய் பிழிந்து கொண்டுவந்தார்.

அந்தத் துணிச்சலில், அன்று ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்டேன். அக்காவின் சிரிப்பு அடங்கியது.

"கட்டையா வெட்டின தலைமயிர், கறுப்புக் கால்சட்டை, ரெண்டு பேராச் சேந்து வந்து வீட்டில எத்தினை பேரெண்டு கேட்டால் ஆர் தம்பி கதவு திறப்பினம்? அதில ஒருத்தர் சிங்களமும். என்ர தம்பி யூட்டையும் சண்டைக் காலத்தில இப்பிடித்தான் ரெண்டு பேர் வந்து கேட்டவை. கதைச்சிட்டு விடுறமெண்டு கூட்டிக்கொண்டு போனவை. இன்னும் வரேல்லை."

எல்டர் பெரேராவுக்கு மெதுவாக மொழிபெயர்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போவதற்கு முன் செபிக்கலாமா என்று கேட்டேன்.

"ஓம். ஆனால் நீங்கள் வேண்டாம் தம்பி" என்றார் அக்கா. "அவர் செபிக்கட்டும். அவரின்ர பாஷையிலயே. அந்தப் பாஷையிலதான் யூட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனவை. அந்தப் பாஷையில ஒருக்கா ஆராவது அவனுக்காகக் கடவுளிட்டக் கேக்கட்டும்."

எல்டர் பெரேரா கைகளைக் கட்டிச் சிங்களத்தில் செபித்தார். அக்கா செபமாலையைப் பிடித்தபடி நின்றார். அந்தச் செபத்தில் அவருக்கு விளங்கிய சொல் ஒன்றுதான்: யூட். அது வந்த ஒவ்வொரு முறையும் அவருடைய உதடு அசைந்தது. எங்களுக்கு முன்னே அவரே ஆமென் சொன்னார்.

அன்று பெட்டியை அவிழ்த்தேன்.

மெற்றில்டா அக்கா இன்றைக்கும் வேதக்காரர்தான். யூட்டைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பேசாலையில் நாங்கள் நடந்தால், "சபை மறிச்ச தம்பியவை, இருந்திட்டுப் போங்கோ" என்று வீடுகளிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். யாரிடமும் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஊழியத்தை முடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்பா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து என் முகத்தில் முழித்தார்.

ஒரு கதிரை கேட்ட என் சின்னச் செபத்தைத் தள்ளாத தேவன், அக்காவின் பெரிய செபத்தையும் தள்ளமாட்டார். இதை நான் அறிவேன். இன்று புது இடத்தில், புது வேலையில், கதவுகள் சாத்தியபடி இருப்பதைப் பார்த்துச் சோர்ந்திருக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் வாயால் சொல்லக்கூடிய ஒன்றை அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, முன்னால் கிடக்கிற கயிற்றைப் பிடியுங்கள். பதில் அங்கிருந்து வரக்கூடும். அவர் ஜீவிக்கிறார் என்பதற்கு நான் சாட்சி. இதை இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே சொல்லி முடிக்கிறேன், ஆமென்.